பன்றியுமில்லை, கினியுமில்லை: ஒரு சின்ன விலங்கு எங்களிடம் வந்த கதை

எங்களில் ஒருவரின் தங்கைக்குப் பத்தாவது பிறந்தநாள். எல்லோருமாகக் காசு போட்டு ஒரு கினிப்பன்றி வாங்கிக் கொடுத்தோம். மண்ணிறமும் வெள்ளையுமாக, உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் அளவு. பூந்தி என்று பெயர் வைத்தாள். என்ன சாப்பாடு கொடுப்பது என்று கடையில் கேட்டோம். "முயலுக்குப் போடுற தீனியும் கொஞ்சம் கரட்டும் போட்டாக் காணும். அது தன்ரபாட்டில கிடக்கும்" என்றார்கள். அப்படியே செய்தோம்.

ஒன்றரை மாதம் போனது. பூந்தி பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கத் தொடங்கியது. தூக்கினால் கத்தியது. பிறகு தீனியைத் தொடவேயில்லை. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோது அவர் வாயைத் திறந்து முரசைப் பார்த்தார். இரத்தம் கசிந்திருந்தது. "இது ஸ்கர்வி. விற்றமின் சி இல்லாததால வாறது. ஒரு கிழமை முந்திக் கொண்டு வந்திருக்கலாமே, பிள்ளையள்" என்றார். மறுநாள் விடியும்போது பூந்தி இல்லை.

தங்கச்சி அழுது முடித்துவிட்டுக் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "ஸ்கர்வி கப்பல்காரருக்கு வாற வருத்தம் எல்லோ? பூந்திக்கு எப்பிடி வந்தது?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. தேடி வாசித்தோம். வாசிக்க வாசிக்க, இது நாங்கள் நினைத்ததைவிட நீளமான கதை என்று விளங்கியது. பூந்தியைக் கொன்ற நோயைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, பூந்தியின் இனத்தை வைத்துத்தான் தெரியவந்திருக்கிறது.

பெயரில் உள்ள குழப்பம்

கினிக்கோழி எங்கட ஊர்களில் சில வீடுகளில் உண்டு. கினிப்புல் வீதியோரமெங்கும் நிற்கிறது. இரண்டும் ஆபிரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவியவை, ஆகவே அந்தப் பெயர் அவற்றுக்குப் பொருந்தும். கினிப்பன்றிக்கோ ஆபிரிக்காவோடு எந்த உறவுமில்லை. அது தென்னமெரிக்காவின் விலங்கு. பன்றியும் இல்லை, எலியும் அணிலும் சேர்ந்த கொறிணிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

வேறு மொழிகளிலும் இதே குழப்பம்தான். ஜேர்மன்காரர் அதைக் கடற்பன்றிக்குட்டி என்கிறார்கள். பிரெஞ்சுக்காரருக்கு அது இந்தியப் பன்றி. ஸ்பானிய மொழியில் இந்தியாவின் குட்டிமுயல் என்று ஒரு பெயர் இருக்கிறது. இந்த 'இந்தியா' நமக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தியா அல்ல, கொலம்பஸ் தவறாக நினைத்துக்கொண்ட 'இந்தியா'. கப்பலில் எங்கிருந்தோ வந்தது, பன்றிபோலக் கத்துகிறது என்பதற்குமேல் ஐரோப்பியர் அதைப் பற்றி யோசிக்கவில்லை என்பது இந்தப் பெயர்களிலேயே தெரிகிறது.

அதன் சொந்த ஊரில் பெயர் எளிமையானது. கெச்சுவா மொழியில் குவி, அங்குள்ள ஸ்பானிய மொழியில் குய். அது போடும் சத்தத்திலிருந்தே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். பூந்தியின் சத்தத்தைக் கேட்டவர்கள் என்றவகையில் எங்களுக்கு அதில் சந்தேகமில்லை.

அந்தீஸ் அடுப்படி

இன்றைய பெரு, பொலிவியா, எக்குவடோர் நாடுகள் இருக்கும் அந்தீஸ் மலைப்பகுதியில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் இந்த விலங்கைப் பழக்கிவிட்டார்கள். அங்கே பெரிய கால்நடை என்றால் லாமாவும் அல்பக்காவும்தான். அவற்றை அடிக்கடி அறுக்க முடியாது. குய் அப்படியில்லை. சின்ன இடம் போதும், புல்லும் சமையல் கழிவும் போதும், விரைவாகப் பெருகும்.

அதற்குக் கூடு கிடையாது. வீட்டின் அடுப்படியில், சூடு இருக்கும் பக்கம், கூட்டமாக நிலத்தில் ஓடித் திரியும். விருந்தாளி வந்தால், கல்யாணம் என்றால், திருவிழா என்றால் அறுப்பார்கள். வைத்தியர்கள் நோயாளியின் உடம்பில் உயிருள்ள குய்யைத் தடவி, பிறகு அதை வெட்டிப் பார்த்து நோய் எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். இந்த வழக்கம் இன்றும் சில இடங்களில் இருக்கிறது. பெருவின் வடகரையில் வாழ்ந்த மொச்சே மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக முந்திய தங்கள் மட்பாண்டங்களில் அதை வடித்திருக்கிறார்கள். ஸ்பானியர் வந்து மதம் மாற்றிய பிறகும் அது போகவில்லை. குஸ்கோ நகரத்துப் பேராலயத்தில் மார்க்கோஸ் சப்பாத்தா 18ஆம் நூற்றாண்டில் வரைந்த கடைசி இராப்போசன ஓவியம் ஒன்று உண்டு. அதில் இயேசுவுக்கும் சீடர்களுக்கும் முன்னால் தட்டில் மல்லாந்து கிடப்பது குய் என்றே ஊர்க்காரர் காட்டுகிறார்கள்.

இதை வாசித்தபோது எங்களில் சிலருக்கு முகம் சுழிந்தது. "ஐயோ, பூந்தியைச் சாப்பிடுறதோ?" ஆனால் எங்கட அம்மம்மா வீட்டுக் கோழியை யோசித்துப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு அரிசி போடுவார். மரநாயிடமிருந்து காப்பாற்ற இரவில் எழும்பிப் போவார். மருமகன் வந்தால் அதே கோழி குழம்பாகும். அந்தீஸ் வீட்டிலும் வளர்ப்பது, காப்பது, கொல்வது எல்லாம் ஒரே அடுப்படியில்தான். உயிரோடு இருக்கும்வரை அந்த விலங்கு தன் கூட்டத்தோடு, நிலத்தில், பச்சைப் புல் தின்று வாழ்ந்தது. பூந்திக்கு இந்த மூன்றும் கிடைக்கவில்லை.

ஐரோப்பாவின் மடி

ஸ்பானியர் 1532இல் இன்காக்களின் நாட்டுக்குள் நுழைந்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளிலேயே இந்த விலங்கு ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. சுவிட்சர்லாந்தின் இயற்கையியலாளர் கொன்றாட் கெஸ்னர் 1554இல் அதைப் பற்றி எழுதிவிட்டார். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ஹில் ஹோல் என்ற மாளிகையில் நடந்த அகழ்வில் 1570களைச் சேர்ந்த கினிப்பன்றி எலும்புகள் கிடைத்தன. பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரத்தில் கிடைத்த எலும்புக்கூடு இன்னும் சுவாரசியமானது. அது அரண்மனையில் கிடைக்கவில்லை, நடுத்தர வசதியுள்ள ஒரு வீட்டின் வளவில் கிடைத்தது. ஆகவே 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே பிரபுக்கள் அல்லாதவர்களும் அதை வளர்த்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்து ஆங்கில ஓவியம் ஒன்றும் இருக்கிறது. ஏறத்தாழ 1580இல் வரையப்பட்டது. பெயர் தெரியாத மூன்று பிள்ளைகள். நடுவில் நிற்கும் ஏழு வயதுச் சிறுமியின் கையில் மூன்று நிறத்தில் ஒரு கினிப்பன்றி. அவள் அதைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால் எங்கட தங்கச்சிதான் ஞாபகத்துக்கு வருகிறாள்.

இங்கே ஒரு பெரிய மாற்றம் நடந்துவிட்டது. அடுப்படியில் கூட்டமாக ஓடித் திரிந்த விலங்கு, ஐரோப்பாவில் ஒன்றிரண்டாக மடியிலும் பெட்டியிலும் இருக்கத் தொடங்கியது. அதைச் சாப்பிடுவதை நிறுத்தி, அழகு பார்த்தார்கள். தட்டிலிருந்து தப்பியதைப் பார்த்தால் நல்ல காலம் பிறந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் கையில் பிடிக்கலாம், கடிக்காது, சின்னப் பெட்டிக்குள் அடங்கும், விரைவாகக் குட்டி போடும் என்ற இதே குணங்கள்தான் அடுத்த இடத்துக்கும் அதை இழுத்துக்கொண்டு போயின.

ஆய்வுகூடத்து மேசை

1782–83 குளிர்காலத்தில் பாரிஸில் லவோசியரும் லாப்லாஸும் பனிக்கட்டியால் சூழப்பட்ட ஒரு பாத்திரத்துக்குள் கினிப்பன்றி ஒன்றை வைத்தார்கள். அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது, அது எவ்வளவு காற்றை வெளிவிடுகிறது என்று அளந்தார்கள். மூச்சு விடுவதும் ஒருவகை மெதுவான எரிதல்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். நாங்கள் ஓ.எல் விஞ்ஞானத்தில் படித்த சுவாசப் பாடத்தின் தொடக்கத்தில் அந்தப் பனிப் பாத்திரம் இருக்கிறது.

அதற்குப் பிறகு கணக்கில்லை. 1882இல் ரொபேர்ட் கொக் காசநோயின் கிருமியைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் அறிவித்தார். தான் வளர்த்த கிருமிதான் நோயைத் தருகிறது என்று காட்ட அவர் அதைச் செலுத்தியது கினிப்பன்றிகளுக்கு. தொண்டைக்கரப்பன் நோய்க்கான எதிர்மருந்தும் அவற்றில்தான் சோதிக்கப்பட்டது. 1897இல் போல் ஏர்லிக் அந்த மருந்தின் வலுவை அளக்க ஒரு முறை வகுத்தார். 250 கிராம் எடையுள்ள ஒரு கினிப்பன்றியை நான்கு நாட்களுக்குள் கொல்லும் நஞ்சின் அளவு அதில் அடிப்படையாக இருந்தது. ஒரு விலங்கின் சாவே அளவுகோலாகிவிட்டது. குழந்தைப்பருவத்தில் நாங்கள் எல்லோரும் முக்கூட்டு ஊசி போட்டவர்கள். அதில் ஒரு கூட்டு தொண்டைக்கரப்பனுக்கு எதிரானது. அந்தக் கடன் எங்கள் கையிலும் இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் 'கினிப்பன்றி' என்றால் சோதனைக்கு ஆளாகிறவர் என்ற பொருள் வந்துவிட்டது. நாங்கள் 'எங்களைப் பரிசோதனை எலி ஆக்கிப்போட்டாங்கள்' என்று சொல்கிறோம் அல்லவா, அவர்களுக்கு அந்த இடத்தில் இந்த விலங்கு. 1961 மார்ச்சில் சோவியத் ஒன்றியம் விண்வெளிக்கு அனுப்பிய ஒரு கலத்தில் செர்னுஷ்கா என்ற நாயோடு ஒரு கினிப்பன்றியும் பூமியைச் சுற்றிவந்தது. நாயின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. மற்றதன் பெயரை நாங்கள் எங்கும் காணவில்லை.

1907: தங்கச்சியின் கேள்விக்குப் பதில்

பெரிபெரி என்ற நோயின் பெயர் எங்கட நாட்டுக்குச் சொந்தமானது. சிங்களத்தில் 'பெரி' என்றால் இயலாது. கால் சோர்ந்து நடக்க இயலாமல் போகும் நோய்க்கு அந்தச் சொல்லை இரட்டித்து வந்த பெயர் என்பதே அகராதிகள் தரும் விளக்கம். 1890களில் ஜாவாவில் கிறிஸ்தியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தவிடு நீக்கித் தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்கு இதே போன்ற நோய் வருவதைக் கண்டார். உணவில் ஏதோ ஒன்று இல்லாவிட்டாலே நோய் வரலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

நோர்வேயின் கப்பல்காரரிடையே காணப்பட்ட, 'கப்பல் பெரிபெரி' என்று அழைக்கப்பட்ட நோயை அக்சல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பறவைகளுக்குப் பதிலாக ஒரு பாலூட்டியில் பார்க்க நினைத்துக் கினிப்பன்றியைத் தெரிவுசெய்தார்கள். தானியமும் பாணும் மட்டும் கொடுத்தார்கள். எதிர்பார்த்த பெரிபெரி வரவில்லை. விலங்குகளின் முரசில் இரத்தம் கசிந்தது, பற்கள் ஆடின, மூட்டுகள் வீங்கின, எலும்புகள் எளிதாக முறிந்தன. அது ஸ்கர்வி. புதிய கோவா, எலுமிச்சைச் சாறு கொடுத்தபோது குணமானது. 1907இல் இதை வெளியிட்டார்கள்.

அவர்கள் எலியையோ முயலையோ தெரிவுசெய்திருந்தால் ஒன்றுமே நடந்திராது. பெரும்பாலான பாலூட்டிகள் விற்றமின் சியைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. அதற்கு வேண்டிய கடைசி நொதியை உருவாக்கும் மரபணு மனிதரிலும் குரங்குகளிலும் வேலை செய்வதில்லை. கினிப்பன்றியிலும் வேலை செய்வதில்லை. வெவ்வேறு காலத்தில், தனித்தனியாக, இரண்டு பக்கமும் ஒரே பொருளைத் தொலைத்திருக்கின்றன. பச்சை எப்போதும் கிடைக்கும் இடத்தில் வாழ்ந்தபடியால் அந்த இழப்பு அவற்றுக்கு உறைக்கவில்லை.

1928இல் அல்பேர்ட் சென்ட்-ஜியோர்ஜி ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அது ஸ்கர்வியைத் தடுக்கும் அதே விற்றமின்தான் என்று 1932 அளவில் உறுதியானதும் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எங்களுக்குத் தொண்டை அடைத்தது இந்த இடத்தில்தான். பூந்திக்கு நாங்கள் கொடுத்தது முயல் தீனியும் கரட்டும். முயல் தன் விற்றமின் சியைத் தானே தயாரிக்கும், ஆகவே அதன் தீனியில் அதைச் சேர்க்க வேண்டிய தேவையில்லை. கரட்டில் இருப்பதோ சொற்பம். நூறு ஆண்டுகளுக்கு முந்தி ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் செய்த பரிசோதனையை ஒரு கூட்டுக்குள் நாங்களும் செய்திருக்கிறோம். அவர்கள் தெரியாததைத் தெரிந்துகொள்ளச் செய்தார்கள். நாங்கள் தெரிந்திருந்த ஒன்றைத் தேடிப் பார்க்காமல் செய்தோம்.

வரலாற்றிலிருந்து ஒரு பராமரிப்புப் பட்டியல்

ஆகவே வளர்க்க நினைப்பவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுதான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மேலே சொன்ன கதையின் ஒரு துண்டு இருக்கிறது.

விற்றமின் சி தினமும் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை. குடைமிளகாய், கொத்தமல்லித் தழை, கொய்யாவில் ஒரு சின்னத் துண்டு நல்லவை. கினிப்பன்றித் தீனி என்று பைக்கற்றில் விற்பதில் விற்றமின் சேர்க்கப்பட்டிருக்கும். ஆனால் தயாரித்து மூன்று மாதம் ஆகும்போது அது கணிசமாகக் குறைந்துவிடும். திகதியைப் பாருங்கள். தண்ணீரில் கரைத்து வைப்பதும் சரிவராது, விரைவில் சிதைந்துவிடும்.

சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். அதன் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். மருந்தடிக்காத, நாய் பூனை புழங்காத இடத்துக் கினிப்புல்லைக் கழுவிக் கொடுக்கலாம். பெயர்ப் பொருத்தமாவது இருக்கும்.

அது மலைநாட்டு விலங்கு. குஸ்கோ இருக்கும் உயரம் நுவரெலியாவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கூட்டை வைத்தால் சூட்டிலேயே செத்துவிடும். நிழல், காற்றோட்டம், ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, எப்போதும் தண்ணீர். இவை கட்டாயம்.

தனியே வளர்க்காதீர்கள். அந்தீஸ் அடுப்படியில் அது ஒருநாளும் தனியே இருந்ததில்லை. சுவிட்சர்லாந்தில் 2008இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி கினிப்பன்றியைத் தனியே வளர்ப்பது சட்டத்துக்கு மாறானது. இரண்டு பெண் விலங்குகள் என்றால் நல்லது. ஆணும் பெண்ணும் என்றால் குட்டிகள் பெருகும். அதோடு ஏழு மாதத்துக்கு மேற்பட்ட பெண் முதன்முறையாகச் சினைப்பட்டால் இடுப்பெலும்பு இறுகிவிடுவதால் பிரசவத்திலேயே இறந்துபோகலாம்.

வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்டிபயோற்றிக்கைக் கொடுக்காதீர்கள். பெனிசிலின் வகை மருந்துகள் அதன் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் குலைத்து அதைக் கொன்றுவிடும். 1940 மே மாதம் ஒக்ஸ்போர்ட்டில் பெனிசிலினை முதலில் சோதித்தது சுண்டெலிகளில். அன்று மேசையில் கினிப்பன்றி இருந்திருந்தால் அந்த மருந்தையே நஞ்சென்று ஒதுக்கியிருப்பார்களோ என்னவோ.

சாப்பிடாமல் ஒருநாள் இருந்தாலே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினம் என்பதால் அது வருத்தத்தை மறைக்கும். எங்களுக்குத் தெரியவரும்போது பாதி நேரம் போய்விட்டிருக்கும்.

எல்லாக் கூடும் ஒன்றல்ல

கடையில் பக்கத்துக் கூட்டில் ஹம்ஸ்டர் இருந்தது. அதன் கதை நேர்மாறானது. 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போவுக்கு அருகில் ஒரு வயலைத் தோண்டி, வளையிலிருந்து ஒரு தாயையும் குட்டிகளையும் எடுத்தார். லீஷ்மேனியாசிஸ் என்ற, மணல் ஈக்களால் பரவும் நோயை ஆராய ஜெருசலேமில் ஒரு விலங்கு தேவைப்பட்டது. அந்த நோய் இன்று இலங்கையிலும் இருக்கிறது. தப்பிப் பிழைத்த சில குட்டிகளின் வழியில்தான் இன்று உலகெங்கும் வீடுகளில் உள்ள பொன்னிற ஹம்ஸ்டர்கள் ஏறக்குறைய எல்லாமே வந்தன. வளர்ந்த பொன்னிற ஹம்ஸ்டர் தனியே வாழ்வது. இரண்டை ஒரே கூட்டில் போட்டால் கடித்துக் கொன்றுவிடும். கினிப்பன்றி தனிமையில் வாடும், ஹம்ஸ்டர் கூட்டத்தில் சாகும். கடையில் இரண்டுக்கும் ஒரே அளவுக் கூடு, ஒரே தீனி, ஒரே அறிவுரை.

ஆய்வுகூடங்களைக் குறைசொல்லி இதை முடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டு வளர்ந்த நாங்கள் அதை எந்த வாயால் சொல்வது? ஆனால் இவ்வளவு சாவுகளால் கிடைத்த அறிவு மனிதருக்கு மட்டும் பயன்பட்டு, அந்த விலங்குக்கே போய்ச் சேராமல் இருப்பது பெரிய அநியாயம். ஒரு கினிப்பன்றி நன்றாகப் பார்த்தால் ஐந்து முதல் எட்டு ஆண்டு வாழும். பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால் அவள் ஏ.எல் எழுதும் வரைக்கும் இருக்கக்கூடும். பூந்தி இரண்டு மாதம்கூட இருக்கவில்லை.

கூடு இன்னும் விறாந்தையில் வெறுமையாகத்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையை முதலில் வாசித்துக் காட்டியது தங்கச்சிக்கு. முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "வாங்கிறதெண்டா ரெண்டு வாங்குவம். குடைமிளகாய்க்கு மாசம் எவ்வளவு முடியும் எண்டு முதல்ல கணக்குப் பாருங்கோ. இல்லாட்டி வேண்டாம்."

கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.